முதல் நாள் செலவு ₹33,770: அதை 26ஆல் பெருக்கலாமா?



நீண்ட வெளிநாட்டுப் பயணத்துக்கு பட்ஜெட் போடுவது ஊரில் உட்கார்ந்துதான். எக்ஸெல் ஷீட், நாலு டிராவல் வீடியோ, ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும். ஆனால் அந்த பட்ஜெட் மேல் இருக்கும் நம்பிக்கை உடைவது, விமானம் இறங்கின முதல் இரண்டு மூன்று நாளில். ஐந்து நாள் டூர் போகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. எப்படியோ முடிஞ்சிடும். மூன்று வாரத்துக்கு மேல் போகிறவர்கள்தான் முதல் நாள் கணக்கைப் பார்த்து ஆடிப் போகிறார்கள்.

என்னிடம் ஐடிஆர் ஃபைல் செய்யும் ஒரு ஜோடியின் கணக்கை வைத்தே இதைச் சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடுதான், பெயர் இல்லாமல். பட்டாபிராமில் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு. கணவர் நம்ம ஊர் டைடல் பார்க்கில் வேலை, மனைவி அம்பத்தூரில். கல்யாணம் ஆகி மூன்று வருஷம். முதல் வெளிநாட்டுப் பயணம். மலேசியா, 26 நாள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏன்னா அதுதான் இந்தக் கதையில் முக்கியம். மாதம் ₹14,000 வீதம் 24 மாதம் ஆர்டி. கட்டிய பணம் ₹3,36,000, வட்டியோடு சேர்த்து சுமார் ₹3,60,000. அதில் விமான டிக்கெட் ₹60,000, இன்சூரன்ஸ் ₹6,000, அவசரத்துக்கு ₹34,000, அங்கே தங்க, சாப்பிட, சுற்ற ₹2,60,000. அதாவது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ₹10,000. கடன் கிடையாது, இஎம்ஐ கிடையாது. என்னைக் கேட்டால் ரொம்ப நல்ல பிளான்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஜனவரி 18 ஞாயிறு காலை கோலாலம்பூரில் இறங்கினார்கள். திங்கட்கிழமை ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்: "அண்ணா, முதல் நாளே 33 ஆயிரம் போயிடுச்சு. 26 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தா எட்டே முக்கால் லட்சம் வருது. ரிட்டர்ன் டிக்கெட்டை முன்னாடியே மாத்திடலாமான்னு யோசிக்கிறோம். அவர் பேசாம படுத்துட்டார்."

கூடவே நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். செலவை எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுக்கே பாதி மார்க் கொடுக்கலாம். அந்தப் பக்கம் அப்படியே இதோ. எல்லாம் ரிங்கிட்டில்:

ஏர்போர்ட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில், இரண்டு பேர்: 110
சிம் கார்டு இரண்டு: 70
டச் அண்ட் கோ கார்டு இரண்டு, பேலன்ஸ் சேர்த்து: 100
ஹோட்டல் டெபாசிட்: 200
ஹோட்டல் வாடகை, 4 ராத்திரிக்கு: 640
டூரிசம் டாக்ஸ், 4 ராத்திரிக்கு: 40
ரூமுக்கு முன்கூட்டியே போனதற்கு: 50
பட்டர்வொர்த்துக்கு ரயில் டிக்கெட், இரண்டு பேர்: 160
பிளக் அடாப்டர், குடை, கொசு கிரீம்: 75
சாப்பாடு: 62
கிராப் டாக்ஸி: 28

மொத்தம் 1,535 ரிங்கிட். ஒரு ரிங்கிட் ₹22 என்று வைத்துக்கொண்டால் ₹33,770. (இந்தக் கட்டுரை முழுக்க 22தான். நீங்கள் போகும்போது ரேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) 26ஆல் பெருக்கினால் ₹8,78,020. கையில் இருப்பதோ ₹2,60,000. பயம் வராமல் என்ன செய்யும்?

கூட்டலில் தப்பு இல்லை. பெருக்கினதில்தான் தப்பு.

நாலு டப்பா

ஒரு கம்பெனி கணக்கில், கையை விட்டுப் போன பணம் எல்லாம் செலவு கிடையாது. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பிளஸ் ஒன் பாடம். படிக்காதவர்கள் நாலு டப்பா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் டப்பா, திரும்பி வரும் பணம். ஹோட்டல் டெபாசிட் 200 ரூமைக் காலி செய்யும்போது கைக்கு வந்துவிடும். டச் அண்ட் கோ என்பது அங்கே ரயில், பஸ்ஸுக்குத் தேய்க்கும் கார்டு, நம்ம மெட்ரோ கார்டு மாதிரி. 100 கொடுத்ததில் கார்டின் விலை 30 போக 70 உள்ளேயே இருக்கிறது. ஆக 270 ரிங்கிட் இன்னும் அவர்களுடைய பணம்தான், இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, நாளைய செலவை இன்றைக்கே கட்டியது. ஹோட்டல் 640, டூரிசம் டாக்ஸ் 40, சேர்த்து 680. இது நாலு நாளைக்கானது, ஒரு நாள் பங்கு 170. பட்டர்வொர்த் டிக்கெட் 160 ஐந்தாம் நாள் செலவு. அதை ஞாயிற்றுக்கிழமை தலையில் கட்டுவது அநியாயம்.

மூன்றாவது, மொத்தப் பயணத்துக்கும் ஒரே ஒரு முறை வரும் செலவு. ஏர்போர்ட் ரயில் 110, சிம் 70, கார்டு விலை 30, அடாப்டர் வகையறா 75, முன்கூட்டியே ரூம் 50. மொத்தம் 335. இதை 26 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு சுமார் 13 ரிங்கிட்.

நாலாவதுதான் உண்மையிலேயே அன்றைய செலவு. சாப்பாடு 62, டாக்ஸி 28.

இப்போது கூட்டுங்க. 62 + 28 + ரூம் பங்கு 170 + ஒருமுறைச் செலவின் பங்கு 13 = 273 ரிங்கிட். அதாவது ₹6,006. நாளைக்கு ₹10,000 பட்ஜெட்டில் ₹4,000 மிச்சம்!

கணவர் இன்னும் பெரிய தொகை சொல்லிக்கொண்டிருந்தாராம். பேங்க் ஆப்பைத் திறந்து, ஏடிஎம்மில் எடுத்த பணத்தையும் செலவாகச் சேர்த்துக்கொண்டார். ஏடிஎம்மில் எடுத்த பணம் பர்ஸில் இருக்கிறது. எடுத்ததையும் எழுதி, அதிலிருந்து செலவழித்ததையும் எழுதினால் ஒரே பணம் இரண்டு தடவை போன மாதிரி ஆகும். இதை வெளிநாட்டில் மட்டும் இல்லை, நம்ம வீட்டு மாசக் கணக்கிலேயே நிறைய பேர் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கை வாய்ஸ் நோட்டில் அனுப்பினேன். ரிட்டர்ன் டிக்கெட்டை மாற்றியிருந்தால் மாற்றுக் கட்டணம், கட்டண வித்தியாசம் என்று போயிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு வருஷம் வாராவாரம் வெளியே சாப்பிடுவதைக் குறைத்துச் சேர்த்த பணம் அது. ஒரு தப்பான பெருக்கலை நம்பி பத்து நாளில் திரும்பி வந்திருந்தால், அடுத்த முறை வெளிநாடு என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான ஆபத்து

இதைக் கேட்டு "அப்போ ஜாலிதான்" என்று கிளம்பாதீங்க. இரண்டாம் நாள் அவர்கள் நோட்டில் 71 ரிங்கிட்தான் இருந்தது. ₹1,562. காலையில் கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து பத்துமலை போனார்கள். 272 படி ஏறி முருகனைப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் மழை, அதனால் ரூமிலேயே இருந்துவிட்டார்கள்.

₹1,562 என்று பார்த்தால் மலேசியா நம்ம ஊரைவிட சீப் என்று தோன்றும். ஆனால் ரூம் பங்கு 170, ஒருமுறைச் செலவு பங்கு 13 சேர்த்தால் 254 ரிங்கிட், ₹5,588. முதல் நாளும் இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான். நோட்டில் மட்டும் ஒன்று ₹33,770, இன்னொன்று ₹1,562.

என் அனுபவத்தில் முதல் நாள் பயத்தைவிட மூன்றாம் நாள் வரும் தைரியம்தான் அதிகப் பணத்தைத் தின்கிறது. ரூம் ஏற்கெனவே கட்டியாச்சு, கிரெடிட் கார்டு பில் ஊருக்குப் போன பிறகுதான் வரும், கையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. அந்த நேரத்தில்தான் "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்ற வாக்கியம் வரும். அந்த வாக்கியத்தின் விலை சராசரியாக ஒரு நாள் பட்ஜெட்.

இன்னொரு வியாதி, எல்லாவற்றையும் 22ஆல் பெருக்குவது. டீ 3 ரிங்கிட் என்றால் உடனே 66 ரூபாய், சிடிஎச் ரோட்டில் பதினைந்து ரூபாய்க்கு நாலு டீ குடிக்கலாமே என்ற ரேஞ்சுக்குப் போய்விடுவது. அன்று வாழை இலை முன்னால் நடந்த சண்டையும் இதனால்தான். கணவர் கூடுதலாக ஒரு மீன் வறுவல் சொன்னார், மனைவி பெருக்கினார். வெளிநாட்டு விலையை நம்ம ஊர் விலையோடு ஒப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், அந்த டீ இங்கே கிடைக்காது. ஒப்பிட வேண்டியது உங்கள் நாள் பட்ஜெட்டோடு. ₹10,000 என்றால் சுமார் 450 ரிங்கிட். காலையில் அந்த 450ஐ மனதில் வைத்துக்கொண்டு ரிங்கிட்டிலேயே யோசியுங்கள். மீன் வறுவலை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

உண்மையிலேயே ஒழுகின இடங்கள்

அந்தப் பக்கத்தில் தெரியாத சில இழப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

டாலர் 600 ரொக்கமாகக் கொண்டு போயிருந்தார்கள். (ஒரு பயணத்துக்கு, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டு போகலாம். அதற்கு மேல் கார்டில்தான்.) இறங்கின பதற்றத்தில் ஏர்போர்ட் கவுண்டரிலேயே 200 டாலரை மாற்றினார்கள். கிடைத்தது டாலருக்கு 3.80 ரிங்கிட். மறுநாள் நகரத்துக்குள் ஒரு மாலில் 4.02. வித்தியாசம் 44 ரிங்கிட், ₹968. ஏர்போர்ட்டில் மாற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கையில் உள்ளூர் பணம் ஒரு பைசா இல்லாமல் வெளியே போவதும் சரியில்லை. 50 டாலர் மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

அடுத்தது ஏடிஎம். 500 ரிங்கிட் எடுக்கும்போது திரையில் ஒரு கேள்வி: இந்திய ரூபாயில் கழிக்கட்டுமா, ரிங்கிட்டில் கழிக்கட்டுமா? ரூபாய் என்று பார்த்ததும் ஒரு நிம்மதி, அதை அமுக்கிவிட்டார். கழிந்தது ₹11,750. ரிங்கிட் என்று அமுக்கியிருந்தால் 500 × 22 = ₹11,000, அதோடு அவர் வங்கியின் மார்க்கப். பல வங்கிகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 4.13%, இங்கே ₹454. மொத்தம் ₹11,454. அப்படியும் ₹296 மிச்சமாகியிருக்கும். மார்க்கப் இல்லாத கார்டாக இருந்திருந்தால் மிச்சம் ₹750. ரூபாயில் கழித்தாலும் அதற்கென்று தனிக் கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு. ஏடிஎம், கடையில் கார்டு மெஷின், ஹோட்டல் கவுண்டர் எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான்: உள்ளூர் கரன்சி.

இந்த 4.13% சின்னதாகத் தெரியும். ₹2,60,000 முழுவதையும் அப்படிப்பட்ட கார்டில் செலவு செய்தால் ₹10,738. அவர்கள் பட்ஜெட்டில் ஒரு நாளுக்கும் மேல், சும்மா.

"ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிட்டா போதும்" என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள், நம்ம சேனலிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மலேசியாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. பல ஃபாரெக்ஸ் கார்டுகளின் கரன்சி பட்டியலில் ரிங்கிட்டே இல்லை. டாலரை ஏற்றிக்கொண்டு போய் ரிங்கிட்டில் செலவு செய்தால், கரன்சி மாற்றுக் கட்டணம் தனியாக விழும். அப்புறம் ஃபாரெக்ஸ் கார்டு எதற்கு? பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரிங்கிட் இல்லை என்றால், மார்க்கப் இல்லாத டெபிட் அல்லது கிரெடிட் கார்டுதான் புத்திசாலித்தனம். கிரெடிட் கார்டு வைத்து ஏடிஎம்மில் மட்டும் பணம் எடுக்காதீங்க. எடுக்கும்போதே ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. மாசக் கடைசி வரை இலவசம் என்ற கதையெல்லாம் ரொக்கத்துக்குக் கிடையாது.

ஹோட்டல் டெபாசிட்டை டெபிட் கார்டில் கொடுக்காதீர்கள் என்பதும் என் கருத்து. டெபிட் கார்டில் பிடித்த பணம் உங்கள் கணக்கிலிருந்து போய், திரும்பி வரச் சில நாள் ஆகலாம். நாலு ஊரில் நாலு ஹோட்டல் என்றால் ஒன்று வருவதற்குள் அடுத்தது போகும். கிரெடிட் கார்டில் பிடித்தால் லிமிட்தான் குறையும், பணம் குறையாது. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். டூரிசம் டாக்ஸ் என்பது வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட். புக்கிங் ஆப்பில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் இருக்காது. 25 ராத்திரிக்கு 250 ரிங்கிட், ₹5,500. இதை முன்பே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். ஹோட்டல்காரர் ஏமாற்றுகிறார் என்று அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம்.

பட்டர்வொர்த் டிக்கெட்டுக்கு கார்டு போட்டபோது ஓடிபி வரவில்லை. ஏன்னா இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு மலேசிய சிம்மைப் போட்டிருந்தார்கள். வெயிலில் ஸ்டேஷனில் நின்றுகொண்டு ஊசி தேடி சிம்மை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு சிம் போடும் போனில் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். டேட்டா மட்டும் அங்கத்திய சிம்மில். அதேபோல், கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் அது ஆஃப் நிலையில்தான் வரும். இதைச் சென்னையிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது, இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் வெப்சைட் எதுவானாலும் அது அரசு சைட் இல்லை.

பட்ஜெட்டில் வராத செலவு: உங்கள் சம்பளம்

இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. இந்த 26 நாளில் குடியரசு தினம் போக 18 வேலை நாள் வருகிறது. மனைவிக்கு லீவு போதுமாக இருந்தது. கணவரிடம் 12 நாள்தான். மீதி 6 நாள் சம்பளம் இல்லா விடுப்பு, பிப்ரவரியில். மாதச் சம்பளம் ₹72,000 என்றால், 28 நாள் கணக்கில் 6 நாளுக்கு ₹15,429 பிடிப்பார்கள். சில கம்பெனிகளில் இரண்டு பக்கமும் லீவு இருந்தால் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் லீவாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் 8 நாள், ₹20,571. இரண்டு நாள் பயண பட்ஜெட் அப்படியே போய்விடும்! உங்கள் கம்பெனியில் எப்படி என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். தேதியை இரண்டு நாள் நகர்த்தினாலே இந்த வித்தியாசம் போய்விடலாம்.

தேதி விஷயத்தில் இந்த ஜோடி கெட்டிக்காரர்கள். பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கு பினாங்கில் இருக்கும்படி திட்டமிட்டு ரூமை மூன்று மாதம் முன்பே பிடித்தார்கள். பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு, அந்த வாரம் ரூம் வாடகை எகிறும் என்பதால் 12ஆம் தேதியே கிளம்பிவிட்டார்கள்.

டிசிஎஸ்: போன பணமா, வரும் பணமா?

கிளம்பும் முன் ஒரு டிராவல் ஏஜென்ட், விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து ₹2,40,000க்கு பேக்கேஜ் சொன்னார். அதன் மேல் 5% டிசிஎஸ், ₹12,000. இவர்கள் அதை வாங்காமல் டிக்கெட் தனியாக, ரூம் தனியாக எடுத்தார்கள். அதனால் டிசிஎஸ் வரவில்லை. விமான டிக்கெட் மட்டும், அல்லது ஹோட்டல் மட்டும் வாங்கினால் அது டூர் பேக்கேஜ் ஆகாது என்று வருமான வரித் துறை 2023 ஜூன் 30 சுற்றறிக்கையிலேயே விளக்கியிருக்கிறது. டிக்கெட், தங்கல், மற்ற செலவு இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் பேக்கேஜ்.

இந்த பிப்ரவரி பட்ஜெட்டில் பேக்கேஜ் டிசிஎஸ்ஸை 2% ஆகக் குறைத்துவிட்டார்கள், ஏப்ரல் 1 முதல், தொகை வரம்பு எதுவும் இல்லாமல். அதே பேக்கேஜுக்கு இனி ₹4,800தான். முன்பு ₹10 லட்சத்துக்கு மேல் போனால் 20% என்று இருந்தது, அதுவும் பேக்கேஜைப் பொறுத்தவரை போய்விட்டது. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும், டாலர் வாங்குவதும் வேறு கணக்கு. ஒரு நிதியாண்டில் ₹10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. உங்களில் பெரும்பாலோர் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போக மாட்டீர்கள். வெளிநாட்டில் இருக்கும்போது அங்கே கிரெடிட் கார்டைத் தேய்ப்பது இப்போதைக்கு அந்தக் கணக்கிலேயே வராது.

டிசிஎஸ்ஸும் முதல் டப்பாதான், திரும்பி வரும் பணம். உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ்ஸில் தெரியும், வரியில் கழித்துக்கொள்ளலாம். 2024 அக்டோபரிலிருந்து, அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே இதைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் யார் பான் எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். புதிய வரி முறையில் சம்பளம் ₹12,75,000 வரை இருந்தால் வரியே இல்லை. அவர் பான் எண்ணில் டிசிஎஸ் போனால் கழிக்க டிடிஎஸ் இருக்காது, ஐடிஆர் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். வரி கட்டுகிறவர் பான் எண்ணில் போனால் இரண்டு மூன்று மாதத்தில் சம்பளத்திலேயே சரியாகிவிடும்.

எல்டிஏ கிளெய்ம் செய்யலாமா என்று கேட்காதீங்க. அது இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ஒரு நிதியாண்டில் உங்களுக்காகவோ வேறு யாருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ₹2 லட்சத்துக்கு மேல் செலவு செய்திருந்தால், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஐடிஆர் கட்டாயம். இவர்கள் டிக்கெட் அக்டோபரில், பயணம் ஜனவரி, பிப்ரவரியில். எல்லாம் ஒரே 2025-26 நிதியாண்டு. இரண்டு பேருமே ஏற்கெனவே ஃபைல் செய்கிறவர்கள், அதனால் கவலையில்லை. வேலைக்குப் போகாத மனைவி அல்லது கணவர் கணக்கிலிருந்து பணம் கட்டினவர்கள்தான் பார்க்க வேண்டும். ஜூலை 31க்கு முன் அவர் பெயரிலும் ஒரு ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும்.

நாலு டப்பா எக்ஸெல் ஷீட் இந்த வார வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. ரேட்டையும் நாள் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், தாய்லாந்து, பாலி, இலங்கை எதுக்கு வேண்டுமானாலும் வேலை செய்யும். அந்த ஜோடி பிப்ரவரி 12 திரும்பி வந்துவிட்டார்கள். மொத்தத் தரைச் செலவு ₹2,31,000. மிச்சம் ₹29,000ஐ கணவரின் சம்பளப் பிடிப்புக்கு ஒதுக்கச் சொன்னேன். மனைவி ஏற்கெனவே புது ஆர்டி திறந்துவிட்டாராம்.